சிறு உதவியின் மதிப்பு செய்பவருக்குத் தெரிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிறருக்குச் செய்யும் சிறு உதவிகள் செய்பவரின் மகிழ்ச்சியையும் மனநலத்தையும் பெருக்குகின்றன என்று விளக்கும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியாகியிருந்தது. மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதை ஆர்வத்தோடு படித்தேன். அதன் அடிப்படைக் கருத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால், நாளுக்கு ஒரு நற்செயல் செய்தால் மகிழ்ச்சி தானாக வந்து சேரும் என்று, ஏதோ மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல் அது முடிந்திருந்ததில் எனக்கு மனக்குறை உண்டு. உதவினால் மனம் நிறையும் என்பது தெரியாதவர் நம்மில் அநேகமாக யாருமே இல்லை. தெரிந்திருந்தும் கை நீளாமல் நின்றுவிடுகிறதே, அது ஏன் என்ற கேள்வியை அந்தக் கட்டுரை தொடவே இல்லை. மனிதர்களின் நெஞ்சம் இறுகிவிட்டது என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அதை ஏற்கவில்லை. நாம் மனத்துக்குள் போடும் கணக்கு தவறாக இருக்கிறது என்பதே என் எண்ணம். நம்மால் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிதாகப் படும் என்பதை நாம் ஏறக்குறைய எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். 'இதுகூட ஓர் உதவியா, தப்பாக நினைத்துக்கொள்வார்களோ' என்று தயங்கி, கடைசியில் சும்மா இருந்துவிடுகிறோம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வுக்காகச் சிகாகோ நகரத்துப் பூங்கா ஒன்றின் பனிச்சறுக்குத் திடலைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வந்திருந்தவர்களில் 84 பேரிடம் ஆளுக்கு ஒரு கோப்பைச் சூடான சாக்லேட் பானம் தருவதாகச் சொல்லி, அதைத் தாமே வைத்துக்கொள்ளலாம், அல்லது அந்த இடத்தில் உள்ள முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லலாம் என்றார்கள். 75 பேர் கொடுத்துவிடச் சொன்னார்கள். அந்தக் கோப்பையைப் பெற்றவரின் மனம் எந்த அளவுக்கு மகிழ்ந்திருக்கும் என்று கொடுத்தவரிடம் கேட்டார்கள். பெற்றவரிடமும் அதையே தனியாகக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் ஊகித்ததைவிடப் பெற்றவர்களின் மகிழ்ச்சி தெளிவாகவே கூடுதலாக இருந்தது. குளிரில் நிற்கும் ஒருவருக்கு ஒரு கோப்பைச் சூடான பானம் என்ன செய்யும் என்பதை, தாமும் அதே குளிரில் நின்றுகொண்டிருந்தவர்களாலேயே சரியாகக் கணிக்க முடியவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஏன் அப்படி என்பதற்கு அதே ஆய்வாளர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். இம்முறை கப் கேக். சிலருக்கு ஆய்வில் கலந்துகொண்டதற்காக அது கொடுக்கப்பட்டது. வேறு சிலருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தமக்குக் கிடைத்ததை விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது. இரண்டிலும் பொருள் ஒன்றுதான். பெறுபவரின் மகிழ்ச்சியை முன்கூட்டிக் கணிக்கச் சொன்னபோது, இரண்டு விதமாகப் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு மகிழ்வார்கள் என்றே கணிப்புகள் அமைந்தன. உண்மையில், இன்னொருவரின் நல்ல மனத்தால் அதைப் பெற்றவர்களே அதிகம் மகிழ்ந்தார்கள். ஆக, கொடுப்பவரின் கண் தன் கையிலுள்ள பொருளைப் பார்க்கிறது. அது அற்பமானது, விலை குறைந்தது, போதாது என்று அளந்துகொண்டிருக்கிறது. பெறுபவரின் கண்ணோ அந்தப் பொருளுக்குப் பின்னால் தன்னை நினைத்த ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைப் பார்க்கிறது. இருவரும் வெவ்வேறு அளவுகோல்களை வைத்துக்கொண்டிருப்பதால்தான் கணக்கு ஒத்துவருவதில்லை.

இந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்கு வார்டுதான் நினைவுக்கு வந்தது. நோயாளி ஒருவர் இறந்துபோகும் நேரங்களில் அவருடைய குடும்பத்தார் வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார்கள். பக்கத்துக் கட்டில்களின் உடனிருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, போய்ப் பேசுவதா வேண்டாமா என்று தவிப்பார்கள். 'என்ன சொல்வது என்றே தெரியவில்லை, சிஸ்டர்' என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் பலர். அவர்கள் ஒதுங்கி நின்றது அன்பில்லாமல் அன்று. சரியான சொல் கிடைக்கவில்லை என்பதால்தான். ஆனால், அந்தக் குடும்பங்களில் சிலர் பின்னொரு நாள் சான்றிதழ் வாங்கவோ வேறு வேலையாகவோ மருத்துவமனைக்கு வந்து எங்களோடு பேசும்போது, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னவரை, தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து கையில் கொடுத்தவரை, கைப்பேசியில் சார்ஜ் இறங்கிப்போனபோது தன் சார்ஜரைக் கழற்றித் தந்தவரை அடையாளம் சொல்லி, அவர் இன்னும் இங்கே இருக்கிறாரா என்று கேட்பார்கள். சார்ஜர் தந்தவருக்கோ அப்படி ஒன்று நடந்ததே மறந்துபோயிருக்கும்.

பாராட்டுச் சொற்களிலும் இதுவே நடக்கிறது. எரிக்கா பூத்பி, வனெஸா போன்ஸ் ஆகிய இருவரும் நடத்திய சோதனைகளில், அறிமுகமில்லாத ஒருவரிடம் சென்று அவரைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பாராட்டிச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள், கேட்பவருக்கு அது தொந்தரவாக இருக்கும் என்று அதிகமாகவும், மகிழ்ச்சி தரும் என்று குறைவாகவும் எதிர்பார்த்தார்கள். இரண்டு கணிப்பும் பொய்த்தன. மனிதர்களின் நல்லெண்ணத்தை நாம் எவ்வளவு குறைவாக எடைபோடுகிறோம் என்பதற்கு இன்னொரு சான்று, 40 நாடுகளில் 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்சுகளைத் 'தொலைந்துபோனவை' என்று அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ஒப்படைத்துப் பார்த்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வு. பணம் இல்லாத பர்சுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கும், பணம் இருந்தவற்றில் ஏறத்தாழ 51 விழுக்காட்டுக்கும் உரியவரைத் தொடர்புகொண்டு திருப்பித் தர முன்வந்தார்கள். பணம் இருந்தால் திரும்பி வருவது குறையும் என்றே பொதுமக்கள் ஊகித்திருந்தார்கள். பொருளாதார வல்லுநர்களின் ஊகமும் சரியாக அமையவில்லை.

குமாரும் எப்லியும் கண்ட வேறொன்றையும் சொல்ல வேண்டும். இன்னொருவரின் நல்லெண்ணத்தால் ஒரு பரிசைப் பெற்றவர்கள், பிறகு நடந்த விளையாட்டில், தாம் அறியாத மூன்றாவது நபரோடு தொகையைப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னபோது, ஏறத்தாழச் சரிபாதியைக் கொடுத்தார்கள். அதே பரிசை வெறுமனே பெற்றவர்கள் கொடுத்தது அதைவிடக் குறைவு. தாம் செய்த செயல் இப்படிக் கைமாறிப் போகும் என்பதை முதலில் கொடுத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

செய்பவருக்கு உண்டாகும் மகிழ்ச்சியைப் பற்றித் தங்கள் கட்டுரையே விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் சுருக்கமாகக் கடந்துபோகிறேன். எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் ஒரு கவரில் 5 டாலரோ 20 டாலரோ வைத்துக் கொடுத்து, மாலைக்குள் தமக்காகவோ பிறருக்காகவோ செலவிடச் சொன்னபோது, பிறருக்காகச் செலவிட்டவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். கவரில் இருந்தது ஐந்தா இருபதா என்பது பொருட்டாகவே இல்லை. இங்கும் கணக்குத் தவறு உண்டு: எது அதிக மகிழ்ச்சி தரும் என்று வேறு மாணவர்களிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் தமக்காகச் செலவிடுவதையும், அதிலும் இருபது டாலரையும்தான் சொன்னார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளை வைத்து 2012-இல் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. குழந்தையின் கிண்ணத்தில் தின்பண்டம் போடுகிறார்கள். ஒரு பொம்மை எதிரில் இருக்கிறது. அந்தப் பொம்மைக்கு ஒரு துண்டு கொடுக்கும்போது குழந்தையின் முகம், தான் பெற்றபோது இருந்ததைவிட மலர்கிறது. அதிலும், ஆய்வாளர் எடுத்துக் கொடுத்ததை ஊட்டும்போதைவிடத் தன் கிண்ணத்தில் இருந்ததையே எடுத்துக் கொடுக்கும்போது இன்னும் அதிகமாக மலர்கிறது. நன்மை செய்தால் நல்ல பெயர் வரும், புண்ணியம் சேரும் என்றெல்லாம் எண்ணிப் பார்க்கும் வயதா அது? 136 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய தகவல்களை ஆராய்ந்தபோது, 120 நாடுகளில் பிறருக்குப் பொருள் கொடுப்பவர்கள் தம் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு கொண்டிருந்தார்கள் என்பதும் 2013-இல் வெளிவந்தது. செல்வம் மிகுந்த நாடுகளில் மட்டும் காணப்பட்ட தொடர்பு அன்று அது.

இருப்பினும் ஓர் எச்சரிக்கை தேவை. இந்த விளைவு உண்மையானது, ஆனால் பெரிதன்று. ஆலிவர் கர்ரி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 27 சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு, பிறருக்கு உதவுவது செய்பவரின் நலத்தைச் சிறிதளவிலிருந்து நடுத்தர அளவுக்கு உயர்த்துகிறது என்றுதான் சொல்கிறது. ஆகவே, கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளைப் போல, 'ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டால் மூளையில் இன்பச் சுரப்பு பொங்கி வழியும், இரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம்' என்ற தொனியில் எழுதுவது சரியில்லை. இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து படுத்தவர்களுக்கு ஊசி போட்டவள் என்பதால் சொல்கிறேன். ஓரளவு நன்மை உண்டு என்பதே போதுமான நல்ல செய்தி. அதை ஊதிப் பெருக்கினால், நாலு நாள் முயன்று பார்த்தவர், சொன்ன அளவு மகிழ்ச்சி வரவில்லையே என்று ஐந்தாம் நாள் விட்டுவிடுவார்.

நாளுக்கு ஒன்று என்ற அளவும் ஆய்வுகளால் நிறுவப்பட்டதாகத் தெரியவில்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் தெரிவித்த சோதனையில், வாரத்துக்கு ஐந்து உதவிகள் என்று ஆறு வாரம் செய்தவர்களில், ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களுக்கே மகிழ்ச்சி கூடியது. வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களுக்குக் கூடவில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வும் பதற்றமும் உடைய 122 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று உதவிகள் என்று வகுத்திருந்தார்கள். அந்த ஆய்வில் வேறு பயிற்சிகள் தரப்பட்ட மற்ற இரு குழுக்களைவிட உதவி செய்த குழுவினரே, பிறரோடு தமக்குள்ள பிணைப்பு கூடியதாக உணர்ந்தார்கள். மனச்சோர்வில் இருப்பவரைப் 'பாவம், தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியவில்லை, அவரிடம் போய் உதவி கேட்பதா' என்று ஒதுக்கி வைப்பது பலருடைய வழக்கம். அந்த இரக்கம் அவருக்கு நன்மை செய்கிறதா என்று இனி நாம் யோசிக்க வேண்டும்.

இனி, அந்தக் கட்டுரை அறவே தொடாத, ஆனால் என் பார்வையில் மிக முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். உதவி மனம் உவந்து செய்யப்பட வேண்டும். நெட்டா வைன்ஸ்டீன், ரிச்சர்ட் ரயன் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வுகள், தாமாக விரும்பிச் செய்யும் உதவியே செய்பவரின் நலத்தை உயர்த்துகிறது என்றும், கட்டாயத்துக்காகச் செய்யும்போது அந்த நன்மை காணாமல்போகிறது என்றும் காட்டின. விரும்பிச் செய்த உதவியைப் பெற்றவர்களும்கூடக் கூடுதல் நலம் அடைந்தார்கள். அலுவலகங்களில் நன்கொடைப் பட்டியல் மேசை மேசையாகச் சுற்றிவரும். முதல் வரியில் மேலதிகாரியின் பெயரும் தொகையும் இருக்கும். அதன்கீழ் கையெழுத்திடுபவர் முகத்தில் யாராவது மகிழ்ச்சியைப் பார்த்ததுண்டா? பிள்ளைகள் செய்த நற்செயல்களுக்கு மதிப்பெண் போட்டு, அட்டையில் நட்சத்திரம் ஒட்டும் பள்ளிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். நட்சத்திரத்துக்காகச் செய்யப் பழகிய பிள்ளை, நட்சத்திரம் இல்லாத இடத்தில் என்ன செய்யும்?

நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்போரின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. படுக்கையை விட்டு எழ முடியாத தாயையோ கணவரையோ ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்பவரிடம் போய், 'பிறருக்கு உதவுங்கள், மனம் மகிழும்' என்று சொல்வது கொடுமை. வார்டில் அவர்களை எளிதில் அடையாளம் காணலாம். நோயாளியின் மருந்து நேரம் அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தாம் கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். அவர்கள் கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோனவர்கள். அவர்களுக்குத் தேவை, 'இரண்டு மணி நேரம் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் குளித்துவிட்டுத் தூங்கிவிட்டு வாருங்கள்' என்று சொல்லும் ஒருவர். 'ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை. நேரத்தையும் காரியத்தையும் குறிப்பிட்டுச் சொல்லும் உதவிதான் ஏற்கப்படுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

வாங்கிக்கொள்வதும் சுலபமன்று. வார்டில் ஒரு பாட்டி இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து அசையாமல் படுத்திருந்தவர். எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலையில், 'உங்களுக்கெல்லாம் நான் சுமையாகிவிட்டேன்' என்பதைத் தவிர வேறு பேச்சே அவர் வாயிலிருந்து வராது. ஒருநாள் பக்கத்துக் கட்டிலுக்கு, அறுவை சிகிச்சை முடிந்த இளம்பெண் ஒருத்தி வந்தாள். மயக்கம் முழுமையாகத் தெளியாத அவளுக்குச் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டி படுத்தபடியே அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்து, தீரும் தறுவாயில் 'சிஸ்டர், பாட்டில் முடியப் போகிறது' என்று குரல் கொடுத்தார். அன்று முதல் அதுவே அவருடைய வேலையாயிற்று. இரவில் நாங்கள் வார்டின் மறுகோடியில் இருக்கும்போதும் அவர் குரல் வரும். தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள், எனக்குப் பாட்டில் தெரியவில்லை என்று அவராகவே கேட்டார். அதுவரை எழுந்து சாய மறுத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆன அன்று பாட்டி சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் தலைமைச் செவிலியர் யோசித்து, அடுத்து வந்த சலைன் நோயாளியை அதே கட்டிலில் போட்டார். நோயாளியை நோயாளிக்குக் காவல் வைப்பது எந்த விதிமுறையிலும் இல்லைதான்; நாங்களும் பாட்டிலைப் பார்க்கத் தவறவில்லை. ஆனால், அவர் அங்கே ஓர் ஆளாக இருந்தார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி பிரவுனும் சக ஆய்வாளர்களும் 423 முதிய தம்பதியரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோது, அந்தப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். நண்பர்கள், உறவினர், அண்டை வீட்டார் ஆகியோருக்கு உதவியவர்களும், தம் துணைக்கு மனத்தளவில் ஆதரவாக இருந்தவர்களும் அந்தக் காலகட்டத்தில் இறக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. உடல்நிலை போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த முடிவு மாறவில்லை. உதவி பெறுவதால் மட்டும் அந்தப் பயன் கிட்டவில்லை. முதியோருக்கு எல்லாம் செய்து கொடுத்து, 'நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் உட்காருங்கள்' என்று சொல்வதையே பாசம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

உதவி கேட்கத் தயங்குவதும் அதே கணக்குத் தவற்றின் மறுபக்கம். ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸா போன்ஸ் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், அறியாதவர்களிடம் வினாத்தாள் நிரப்பித் தரும்படி கேட்கச் சென்றவர்கள், உண்மையில் தேவைப்பட்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பேரை அணுக வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். மனிதர்கள் நாம் நினைப்பதைவிட எளிதில் 'சரி' என்று சொல்கிறார்கள். கேட்காமல் இருந்து எதிரில் இருப்பவரின் மகிழ்ச்சியையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறோம்.

கணக்குத் தவற்றைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது நேரம். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகியோர் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைக் கொண்டு 1973-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. பேச்சுக்குத் தயாராகி வேறு கட்டடத்துக்குச் செல்லும் மாணவரின் வழியில், வாசற்படியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுவார். அவசரமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 விழுக்காட்டினர். ஏற்கெனவே தாமதம் என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. இம்மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய உவமைதான். இதைப் படித்த பிறகு, கவுன்டரில் எரிந்து விழும் ஊழியரையும், நின்று பதில் சொல்லாமல் நடந்துகொண்டே பேசும் செவிலியரையும் 'மனிதத்தன்மை இல்லாதவர்' என்று முத்திரை குத்துமுன், அவருக்கு முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். அன்பாக நடந்துகொள்ளுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டுவதற்குப் பதிலாக இன்னும் இருவரைப் பணியில் அமர்த்தினால், அந்தச் சுவரில் எழுதியது தானாக நடக்கும்.

சிறு உதவிகளைப் போற்றும்போது, நியாயமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காத குறையை அவற்றைக் கொண்டு மூடிவிடவும் கூடாது. எழுதத் தெரியாத முதியவருக்குப் பக்கத்தில் நிற்பவர் படிவம் நிரப்பிக் கொடுப்பது நல்ல காட்சிதான்; அந்தப் படிவம் அவ்வளவு சிக்கலாக இருக்க வேண்டுமா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து இக்கடிதத்தை முடிக்கிறேன். உதவி செய்பவரே தன் செயலைக் காணொளியாக எடுத்து, பெறுபவரின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது இப்போது பெருகிவிட்டது. அதற்கு இடம் கொடுக்காமல், உதவி பெற்றவர்கள் மட்டும் எழுதும் சிறு பகுதி ஒன்றைத் தங்கள் நாளிதழில் வாரந்தோறும் வெளியிட வேண்டும். நாலைந்து வரிகள் போதும். செய்தவரின் பெயர் வேண்டாம். பெரும்பாலும் அது தெரிந்திருக்கவும் போவதில்லை. படம் கூடவே கூடாது. எங்கே, எந்த நிலையில் இருந்தபோது, முகம் தெரியாத ஒருவர் என்ன செய்தார், அது தமக்கு என்னவாக இருந்தது என்பது மட்டும் இருக்கட்டும். பெற்றவர் மனத்தில் நடப்பது கொடுத்தவர் காதுக்கு எட்டாததால்தான் மேலே சொன்ன கணக்குத் தவறு தொடர்கிறது. ஒரு நாளிதழால் அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்க முடியும். இத்தகைய பகுதிக்குப் போதிய கடிதங்கள் வருமா என்ற ஐயம் தங்களுக்கு எழலாம். ஒரு மாதம் அறிவிப்புப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கடிதங்கள் குறைந்தால், வார்டில் நான் கேட்டவற்றை, யார் என்று அடையாளம் தெரியாத வகையில் எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற செவிலியர்